அடி விழுவதற்கு முன் ஒரு நொடி

மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் சண்டை விதிகளை ஒரு வீடியோ கேமுக்குள் கொண்டுவரும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். அடிப்பது சுலபம். 20 முகப் பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, எதிராளியின் ஆர்மர் கிளாஸை, அதாவது தற்காப்பு எண்ணை, எட்டினால் அடி பட்டது. அரை நாளில் எழுதி முடித்தேன். அப்புறம் வந்தது, அடுத்தவர் முறைக்கு நடுவே குறுக்கிட்டுச் செய்யும் ரியாக்‌ஷன்.

ஷீல்டு மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடி பட்ட பிறகுதான் அதைப் போட முடியும், போட்டால் ஆர்மர் கிளாஸ் 5 கூடும், அதனால் பட்ட அடியே படாததாக மாறலாம். அதாவது பகடை உருண்ட பிறகு, ரத்தம் குறைவதற்கு முன், கேம் நின்று ஆட்டக்காரரிடம் கேட்க வேண்டும். மேசையில் இதை யாரும் விதியாகவே உணர்வதில்லை. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் "பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு மந்திரவாதியின் முகத்தை ஒரு நொடி பார்ப்பார், அவ்வளவுதான்.

1998-இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற வீடியோ கேம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒரு நிமிடமாக இருந்த ரவுண்டை (எல்லோரும் ஒருமுறை செயல்படும் சுற்று) ஆறு நொடியாகச் சுருக்கி, வேண்டும்போது பாஸ் செய்துகொள்ள விட்டது. அந்தப் பதிப்பில் ரியாக்‌ஷன் என்று தனியாக எதுவும் இல்லாததால் அது முடிந்தது. 2023-இல் வந்த அதன் மூன்றாவது பாகம், ஒருவர் பின் ஒருவராக ஆடும் டர்ன் முறைக்கு மாறியது, நடுவில் நிறுத்தியும் கேட்கிறது.

நாங்களும் நிறுத்தி, திரையில் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்டோம். காப்ளின் என்ற குட்டி அரக்கர்கள் ஆறு பேர் சூழ்ந்த சண்டையில், எங்கள் டெஸ்டர் ஒருவர் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே "வேண்டாம்" பட்டனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டே விளையாடினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். காப்ளினுக்கு போனஸ் 4, மந்திரவாதியின் ஆர்மர் கிளாஸ் 15. பகடையில் 11 முதல் 20 வரை விழுந்தால் அடி, அதில் 11 முதல் 15 வரை விழுந்தவற்றைத்தான் ஷீல்டு தடுக்கும். சரிபாதிக் கேள்விகள் வீண். அதனால் தடுக்க முடிகிற அடிக்கு மட்டும் கேட்கும்படி மாற்றினோம். கேள்விகள் பாதியாகக் குறைந்தன, ஆனால் இப்போது டெஸ்டர் எப்போதும் "சரி" அழுத்தினார். தடுக்கும் என்று தெரிந்துவிட்டால் யோசிக்க என்ன இருக்கிறது? தடுக்குமா தடுக்காதா என்று தெரியாமல் ஒரு ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போட இருக்கும் சில வாய்ப்புகளில் ஒன்றை, செலவழிப்பதுதான் அந்த மந்திரத்தின் உயிரே. அதை நான் எடுத்துவிட்டேன் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வருத்தமாக இருந்தது.

மறுவாரம் பெட்டியையே தூக்கினோம். அடி பட்டால் காப்ளினின் கத்தி காற்றில் பாதியில் நிற்கும், மந்திரவாதியின் கை லேசாக உயரும். பகடையில் விழுந்த எண் காட்டப்படாது. சிறு சேதம் செய்யும் அடிகளுக்குக் கேட்க வேண்டாம் என்று ஆட்டக்காரரே அளவு வைத்துக்கொள்ளலாம். அதே டெஸ்டரிடம் கொடுத்தோம். கத்தி நின்றதும் திரையின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரே ஸ்லாட்டைப் பார்த்தார், காப்ளினைப் பார்த்தார், "இருங்க, இருங்க" என்று யாரிடமோ சொன்னார்.