ஹஜ்ஜுக்குப் பிறகு ஒரு தேர்வு

டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட விரும்பியவர், 1825ஆம் ஆண்டின் ஆணைப்படி, 110 கில்டர் கட்டிக் கடவுச்சீட்டு பெற வேண்டியிருந்தது. ஏழை உழவருக்கு எட்டாத அந்தத் தொகையின் நோக்கம் வருமானமன்று, ஆளைத் தடுப்பதே என்பது வெளிப்படை. 1852இல் கட்டணம் நீங்கியது, சீட்டு நீங்கவில்லை.

எனக்கு அதைவிட வியப்பளிப்பது 1859ஆம் ஆண்டுச் சட்டம். போய்வரவும், வீட்டாரைப் பராமரிக்கவும் பணம் இருக்கிறது என்று சான்று கேட்டதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். கையில் காசின்றி, மக்கா அமைந்த ஹிஜாஸ் பகுதியில் தவித்த பயணிகள் உண்மையிலேயே இருந்தார்கள். ஆனால், திரும்பி வந்தவர் தாம் மெய்யாகவே மக்காவுக்குச் சென்றதை ஒரு தேர்வில் மெய்ப்பித்த பிறகே 'ஹாஜி' என்ற பட்டத்தையும் அதற்குரிய உடையையும் சூடலாம் என்றும் விதித்தார்கள். கஅபாவைச் சுற்றி வந்தவரைக் கேள்வி கேட்டு மதிப்பிட, முஸ்லிம் அல்லாத ஓர் அரசு சட்டம் போட்டது என்பதை என்னவென்று சொல்ல!

ஹாஜிகள் கிளர்ச்சியை மூட்டுவார்கள் என்ற அச்சமே இதற்கெல்லாம் அடிப்படை. 1872இல் ஜித்தாவில் துணைத்தூதரகம் திறந்ததிலும் கண்காணிக்கும் நோக்கம் இருந்தது. 1885இல் மக்காவில் தங்கியிருந்து, பின்னாளில் அரசின் ஆலோசகரான டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே, சாதாரண ஹாஜிகளைக் குறித்த அந்த அச்சம் மிகையானது என்று எடுத்துரைத்தார். இருந்தும் அத்தேர்வு 1902இல்தான் கைவிடப்பட்டது.