ஜாக்கி விழுந்தால் பில் யார் பேருக்கு?

ஒரே மதியத்தில், பந்தயக் குதிரை ஓட்டும் ஒரு ஜாக்கிக்கு ஆறு முதலாளிகள். முதல் ஓட்டத்தில் குதிரைகளைப் பழக்கும் ட்ரெய்னர் ஒருவரின் குதிரை, மூன்றாவதில் இன்னொருவருடையது, ஐந்தாவதில் வேறொரு ஜாக்கி வர முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் கிடைத்த சவாரி. அரை மணிக்கொரு தரம் சட்டையின் நிறமும் மாறும், கூலி கொடுப்பவரும் மாறுவார். ஒவ்வொரு வேலையும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தில் குதிரையின் முன்னங்கால் முறிந்து, மேலே இருந்தவர் தலைகுப்புற விழுந்து, பின்னால் வந்த குதிரையும் அவரை மிதித்துவிட்டால், அவர் யாருடைய தொழிலாளி? அமெரிக்கக் குதிரைப் பந்தயத் துறையில் இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த மாநிலத்தில் விழுந்தார் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான மாநிலங்களில், யாருடைய தொழிலாளியும் இல்லை. ஜாக்கி ஒரு சுயேச்சை ஒப்பந்தக்காரர். எந்த எடையில் ஏற வேண்டும், ஓட்டத்துக்கு முன் குதிரைக்குச் சேணம் போடும் பேடாக்கில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், சாட்டையை எத்தனை முறை வீசலாம் என்பதையெல்லாம் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். மீறினால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் அபராதமும் போடுவார்கள், தடையும் விதிப்பார்கள். ஆனாலும் காப்பீடு என்று வரும்போது மட்டும் அவர் தனி வியாபாரி ஆகிவிடுகிறார். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அவருக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாகப் பந்தய மைதானம் எடுத்து வைத்திருக்கும் விபத்து பாலிசி ஒன்றுதான் கைக்குக் கிடைக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இந்த விவாதத்தில் இறங்கினால் வீண் சண்டைதான் மிஞ்சும். தொழிலாளர் இழப்பீட்டில் யார் தப்பு என்ற பேச்சே கிடையாது. வேலையில் அடிபட்டால் போதும். சிகிச்சைச் செலவுக்கு மொத்த உச்சவரம்பு இல்லை. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி வாரக் கூலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாநிலம் நிர்ணயித்த அதிகபட்சத்துக்குள், வரும். இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. இதற்கு ஈடாகத் தொழிலாளி ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்: முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. மைதானத்தின் விபத்து பாலிசியோ ஒரு தொகையோடு நின்றுவிடும். சிகிச்சைக்கு இவ்வளவு, வாரத்துக்குச் சில நூறு டாலர், அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதற்கு மேல் ஒரு டாலர் ஆனாலும் சொந்தப் பொறுப்பு.

அந்தத் தொகை எவ்வளவு என்பதுதான் 2004-ல் வெடித்தது. அந்த வருடம் ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவின் மவுண்டனியர் மைதானத்தில் விழுந்த கேரி பர்சர் என்ற ஜாக்கிக்கு இடுப்புக்குக் கீழே செயல்படாமல் போனது. மைதானத்தின் பாலிசி 1 லட்சம் டாலர். தண்டுவடக் காயத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவருக்கு முதல் ஆண்டுச் செலவே 10 லட்சம் டாலரைத் தாண்டிவிடும். ஜாக்கிகளின் சங்கமான ஜாக்கீஸ் கில்ட், பேரிடர்க் காயத்துக்கென்று முன்பு எடுத்து வைத்திருந்த கூடுதல் பாலிசியை 2002-லேயே புதுப்பிக்காமல் விட்டிருந்தது. பல ஜாக்கிகளுக்கு இது தெரிந்ததே அந்த விபத்துக்குப் பிறகுதான். அதே ஆண்டு நவம்பரில் கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸில் காப்பீடு போதாது என்று சவாரிக்கு மறுத்த ஜாக்கிகளை, அந்தப் பந்தயப் பருவம் (மீட்) முடியும்வரை மைதானம் உள்ளே விடவில்லை. 2005-ல் விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைவரை போனது. 2006-ல் நிரந்தரமாக உடல் செயலிழந்த ஜாக்கிகளுக்கான நிதி தொடங்கப்பட்டது. அதுவும் நன்கொடையில் ஓடும் அறக்கட்டளை.

அதற்குப் பிறகு பெரிய மைதானங்கள் வரம்பை 10 லட்சம் டாலருக்கு உயர்த்தின. நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்: கழுத்துக் காயத்துக்கு அது ஒரு வருடத்துக்குக்கூடப் போதாது. ஜாக்கிக்கு வயது 25 என்றால் இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் இருக்கிறது.

சரி, யார் கட்டுவது? 'ஜாக்கியே எடுத்துக்கொள்ளட்டும், தெரிந்துதானே ஏறுகிறார்' என்பவர்கள் உண்டு. ஜெயித்த குதிரையின் பரிசுப் பங்கில் ஜாக்கிக்கு வழக்கமாக 10 சதவீதம் வரும். இரண்டாவது, மூன்றாவது வந்தால் பல இடங்களில் 5 சதவீதம். அதற்கும் பின்னால் வந்தால் பெரும்பாலும் சவாரிக் கட்டணம் மட்டும், பல இடங்களில் 100 டாலரை ஒட்டி. அதில் ஏஜென்டுக்குச் சுமார் கால் பங்கு, சேணமும் உடையும் தயார் செய்யும் வேலட்டுக்குக் கொஞ்சம் போய்விடும். இவ்வளவு ஆபத்தான தொழிலுக்குத் தனிநபர் பாலிசி கொடுக்கப் பெரும்பாலான கம்பெனிகள் முன்வரா. கொடுத்தாலும் குதிரைப் பந்தயத்தில் ஏற்படும் காயத்தை விலக்கிவிட்டுத்தான் கொடுக்கும். ஆகவே அது பேச்சுக்கு உதவும், நடைமுறைக்கு உதவாது.

ட்ரெய்னர் கட்டட்டும் என்பது கலிஃபோர்னியா வழி. ஓட்டத்தின்போது ஜாக்கி அந்த ட்ரெய்னரின் தொழிலாளி என்று அங்கே கணக்கு. லாய ஆட்களுக்குச் சம்பளப் பட்டியலை வைத்துப் பிரீமியம். ஜாக்கிக்கு ஓட்டம் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி. சட்டப்படி சுத்தமான ஏற்பாடு. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இழப்பீட்டுப் பிரீமியம் எல்லாத் துறைக்கும் தாறுமாறாக ஏறியபோது சிறிய ட்ரெய்னர்கள் மூச்சுத் திணறினார்கள். எட்டுக் குதிரை வைத்திருப்பவரிடம் அதைத் தாங்கும் பணம் ஏது? கடைசியில் எக்ஸாக்டா, ட்ரைஃபெக்டா மாதிரியான கூட்டு பெட்டுகளில், கட்டிய பணத்திலிருந்து முதலிலேயே பிடிக்கும் பங்கான டேக்அவுட்டில் அரை சதவீதம் கூட்டி, அந்தப் பணத்தைப் பிரீமியத்துக்கு மானியமாகத் திருப்பினார்கள். அதாவது ட்ரெய்னர் பெயரில் பில், பணம் பெட் கட்டுகிறவர் பையிலிருந்து.

நியூயார்க் 1990-ல் வேறு மாதிரி யோசித்தது. அங்கே ஜாக்கி காயம் இழப்பீட்டு நிதி என்று ஒரு தனி அமைப்பு உண்டு. ஜாக்கி, பயிற்சி ஜாக்கி, காலையில் குதிரையை ஓட்டிப் பழக்குபவர் ஆகியோருக்கு அந்த நிதியும், உரிமம் பெற்ற எல்லா உரிமையாளர்களும் ட்ரெய்னர்களும் சேர்ந்தே முதலாளி என்று சட்டம் சொல்லிவிட்டது. விழுந்த நேரத்தில் யார் குதிரை என்ற ஆராய்ச்சியே வேண்டாம். பாலிசி ஒன்றுதான். செலவைத் துறைக்குள்ளேயே பகிர்ந்து வசூலிக்கிறார்கள். மேரிலேண்டிலும் நியூ ஜெர்சியிலும் இதே தடத்தில் தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. கடல் தாண்டிப் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் ஜாக்கியைத் தொழிலாளியாகவே கருதி, பந்தயத் துறைக்கென்றே உள்ள இழப்பீட்டுக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறது. பிரிட்டனைக் காட்டி 'அங்கே 1964 முதல் காயமுற்ற ஜாக்கிகள் நிதி என்ற அறக்கட்டளையே பார்த்துக்கொள்கிறதே' என்று சொல்பவர்கள், அங்கே ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்கிறது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கட்சி நியூயார்க் பக்கம்தான், ஒரு திருத்தத்தோடு. வசூலை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆபத்து ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறுகிறது, எனவே ஓட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதே நியாயம் என்று காப்பீட்டுக் கணக்கர்கள் சொல்வார்கள். கணக்கு சரி. ஆனால் குதிரையை 5,000 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியோடு நடக்கும் அடிமட்ட க்ளெய்மிங் ஓட்டத்துக்கு வரும் குதிரைக்கும் டெர்பி மாதிரிப் பெரிய ஓட்டத்தின் குதிரைக்கும் ஒரே கட்டணம் என்றால், அடிமட்டத்து உரிமையாளர் குதிரையை இறக்கவே மாட்டார். ஓட்டத்தில் குதிரை எண்ணிக்கை குறையும், பெட் குறையும், பரிசுப் பணமும் குறையும். அதனால் பெரும்பகுதியைப் பரிசுத் தொகையைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஓட்டக் கட்டணம் பெயருக்குச் சிறிதளவு இருந்தால் போதும். 2022-ல் அமெரிக்காவில் மொத்தப் பரிசுத் தொகை சுமார் 130 கோடி டாலர். அதில் 1 சதவீதம் 1.3 கோடி டாலர். ஜெயித்த குதிரையின் பரிசில் ஏறக்குறைய 80 சதவீதம் உரிமையாளருக்கும், ட்ரெய்னருக்கும் ஜாக்கிக்கும் பத்துப் பத்தும் போவதால், சுமையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் தானாகப் பிரிந்துவிடும். பெரிய ஓட்டங்களில் ஜெயிக்கும் ஜாக்கி அதிகம் கொடுப்பார், கடைசியில் வந்தவரின் சவாரிக் கட்டணத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

பெட் கட்டுகிறவரிடம் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கொஞ்சமாக. அதே 2022-ல் கட்டப்பட்ட மொத்தப் பணம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு எடுத்தாலே 1.2 கோடி. ஆனால் இதில் பெரும்பகுதி மைதானத்துக்கு வெளியே, ஆன்லைன் தளங்கள் வழியாக வருகிறது. ஓட்டம் நடத்தும் மைதானத்துக்கு அதிலிருந்து கிடைப்பது சில சதவீதம்தான். சட்டத்தில் 'மொத்தப் பந்தயப் பணத்தின் மேல்' என்று எழுதாமல் 'மைதானத்தில் கட்டப்பட்ட பணத்தின் மேல்' என்று எழுதிவிட்டால் நிதி தொடக்கத்திலேயே காலி. இன்னொன்று, கம்ப்யூட்டர் வைத்துக் கோடிக்கணக்கில் ஆடும் பெரும்புள்ளிகளுக்கு டேக்அவுட்டில் ஒரு பகுதி தள்ளுபடியாகத் திரும்பிவிடுகிறது. டேக்அவுட்டைக் கூட்டினால் அடி விழுவது சனிக்கிழமை இருபது டாலரோடு வருபவருக்குத்தான்.

மைதானமும் ஒரு பங்கு கட்டியே ஆக வேண்டும், அதுவும் காயக் கணக்கைப் பொறுத்து ஏறி இறங்கும் பங்காக. உள்பக்கத் தடுப்புக் கம்பி பழையதாக இருப்பது, மழை நேரத்தில் தளத்தைச் சரியாகப் பராமரிக்காமல் விடுவது, ஓட்டம் தொடங்கும் கேட்டில் ஆள் குறைப்பது எல்லாம் மைதானத்தின் கையில் இருக்கும் விஷயங்கள். பிரீமியத்தில் தனக்கு ஒரு காசும் போகாது என்றால் கம்பியை மாற்ற அவசரம் ஏன் வரும்? 2022 ஜூலையிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் பாதுகாப்பு விதிகளைப் பார்க்கும் ஹைசா என்ற தேசிய அமைப்பு, ஹெல்மெட், வெஸ்ட் தரம், தலைக்காயத்துக்கான முன்பரிசோதனை, காயப் பதிவு என்று பலதையும் கட்டாயமாக்கியது. இழப்பீட்டுக் காப்பீட்டை மட்டும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது.

லாயத்துப் பக்கம் கேள்வி இதைவிட எளிது, ஏமாற்றும் அதிகம். குதிரையைக் குளிப்பாட்டிக் கால்கட்டுப் போடும் க்ரூம், ஓடி வந்த குதிரையை நடத்தி ஆற்றும் ஹாட்வாக்கர் இருவரும் ட்ரெய்னரின் தொழிலாளிகள், சந்தேகமே இல்லை. கேட்டில் குதிரையை உள்ளே தள்ளும் ஆட்கள் மைதானத்தின் தொழிலாளிகள். இழுபறி எல்லாம் காலையில் குதிரைக்கு இவ்வளவு என்று பேசி நான்கு லாயங்களுக்கு ஓட்டிக்கொடுப்பவரிடம்தான். பல ட்ரெய்னர்கள் அவருக்கு ரொக்கமாகக் கொடுத்து, ஒப்பந்தக்காரர் என்று எழுதிக்கொள்கிறார்கள். எத்தனை மணிக்கு, எந்தக் குதிரை, எவ்வளவு வேகம் என்று ட்ரெய்னர் சொல்லி, அவருடைய சேணத்தில் ஓட்டினால், பெரும்பாலான மாநிலங்களின் சோதனையில் அவர் தொழிலாளி என்றே தேறுவார். டெக்சாஸில் தனியார் முதலாளிக்கு இந்தக் காப்பீடே கட்டாயமில்லை; வேறு சில மாநிலங்களில் விவசாய வேலைக்கு உள்ள விலக்கில் குதிரை வேலையையும் நுழைக்கப் பார்ப்பார்கள்.

ட்ரெய்னர்கள் மறக்கும் இடம் வருடக் கடைசி ஆடிட். பாலிசி எடுக்கும்போது கொடுப்பது உத்தேசச் சம்பளக் கணக்கு. வருடம் முடிந்ததும் ஆடிட்டர் செக்புக்கைப் பார்ப்பார். காலை ஓட்டுநருக்குத் தனிக் காப்பீட்டுச் சான்றிதழ் இல்லையென்றால் அவருக்குக் கொடுத்த தொகை முழுவதையும் உங்கள் சம்பளப் பட்டியலில் சேர்த்துப் பிரீமியம் போடுவார். பழைய க்ளெய்ம்களைப் பொறுத்து ஒரு பெருக்கெண்ணும் உண்டு: 1.3 என்று வந்தால் 20,000 டாலர் பிரீமியம் 26,000 ஆகிவிடும். சின்னக் காயங்களை மறைத்து அந்த எண்ணைக் காப்பாற்ற நினைப்பவர்கள், ஆறு மாதம் கழித்து முதுகு ஆபரேஷன் பில்லோடு க்ளெய்ம் வரும்போது இரட்டிப்பாக மாட்டுகிறார்கள்.

ஜாக்கிகளுக்கு: புது மைதானத்தில் ஏறுவதற்கு முன் ரேசிங் ஆபீஸில் பாலிசியின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை வரம்பு, வாரத் தொகை, எத்தனை வாரம், எத்தனை நாள் கழித்துத் தொடங்கும், ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேர்த்தியா, காலைப் பயிற்சியில் விழுந்தாலும் செல்லுமா என்று பாருங்கள். கடைசிக் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. பின்னாளில் சவாரி கிடைக்கும் என்று காலையில் இலவசமாக ஓட்டிக்கொடுக்கும் நேரத்துக்குக் கூலிச் சீட்டே இருக்காது. விழுந்தால், எழுந்து நடக்க முடிந்தாலும் அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள்: ஓட்ட எண், குதிரை, ட்ரெய்னர், இடம், சாட்சி. சவாரிக் கணக்கை வாரவாரம் எழுதி வையுங்கள். சராசரிக் கூலியை வருமான வரிப் படிவத்திலிருந்துதான் எடுப்பார்கள். அதில் குறைத்துக் காட்டியிருந்தால் வாரத் தொகையும் அந்த அளவுக்குக் குறையும்.

நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை ஓட்டிவிட்டு சனிக்கிழமை டெலவேரோ பென்சில்வேனியாவோ போகிறவர்கள், நியூயார்க் நிதி எல்லை தாண்டிக் கூட வரும் என்று எண்ண வேண்டாம். அங்கே விழுந்தால் அந்த மைதானத்தின் பாலிசிதான் பேசும். அதன் வரம்பை ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னால் நம்பாமல், அந்த மைதானத்தின் ஓட்டங்களை ஏற்பாடு செய்யும் ரேசிங் செக்ரட்டரியிடமிருந்து மெயிலில் வாங்கிவிட்டு சவாரியை ஒப்புக்கொள்ளுங்கள்.