தொற்றுக்கென்று ஒரு ஓ.டி.யை ஒதுக்கியபோது

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் ஓ.டி.யில், அதாவது ஆபரேஷன் தியேட்டரில், நான் ஸ்டாஃப் நர்ஸ். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் கோவிட் நோயாளிகள் பெரும்பாலும் சுங்கை பூலோ மருத்துவமனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் குடல்வால் வெடித்து வருகிறவரையோ, உடனே சிசேரியன் செய்ய வேண்டிய கர்ப்பிணியையோ கோவிட் டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை உட்காரவைக்க முடியாதே! அதனால் எங்களிடம் இருந்த ஓ.டி.களில் ஒன்றை இதற்கென்றே தயார் செய்யச் சொன்னார்கள்.

கோடி அறையைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்திலேயே லிஃப்ட், மற்ற நோயாளிகள் அந்த வழியாக வருவதில்லை. அந்த முடிவு ஐந்து நிமிடத்தில் ஆகிவிட்டது. காற்று விஷயம்தான் இழுத்தது.

சாதாரணமாக ஓ.டி.க்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும். காரிடார் தூசி திறந்த வயிற்றில் வந்து விழாது. கிருமி நோயாளியின் மூச்சிலேயே இருந்தால் அதே ஏற்பாடு அதைக் காரிடாருக்குத் தள்ளிவிடும். எஞ்சினியரிங் ஆட்கள் வெளியேற்றும் காற்றைக் கூட்டி, அதை நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாகப் போகவைத்து, அறையை நெகட்டிவ் பிரஷருக்கு, அதாவது உள்ளே காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும்படி, மாற்றினார்கள். கதவுக்கு முன்னால் ஒரு சின்ன முன்னறையும் கட்டினார்கள். “அப்போ தூசி உள்ளே வராதா?” என்று சர்ஜன் விடாமல் கேட்டார். நியாயமான கேள்விதான். மேசைக்கு மேலிருந்து இறங்கும் வடிகட்டிய காற்றில் கை வைக்கவில்லை, முன்னறைக் கதவும் ஓ.டி. கதவும் ஒரே நேரத்தில் திறக்காது என்று விளக்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். மீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று நான் கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

காற்றுக்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 20 முறை காற்று மாறும் அறையில், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். மயக்கம் கொடுத்து, மூச்சுக்காகத் தொண்டையில் டியூப் போடும்போதுதான் ஆபத்து அதிகம். அதனால் அந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டரும் அவருடைய உதவியாளரும் மட்டும் உள்ளே. சர்ஜனும், அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும் வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காத்திருந்து பழக்கமில்லாத சர்ஜன்களுக்கு அது ஒரு தண்டனை!

அடுத்து அறையைக் காலி செய்தோம். தையல் நூல் அலமாரி, மருந்து டிராலி, கம்ப்யூட்டர் எல்லாம் வெளியே போயின. ஒரு முறை உள்ளே போனது பயன்படாவிட்டாலும் குப்பைக்குத்தான் என்பதால், அந்தந்த ஆபரேஷனுக்கு வேண்டியதை மட்டும் தட்டில் அடுக்கினோம். மீதிக்கு முன்னறைக்கு வெளியே ஒரு ரன்னர் நிற்பார். அவரிடம் கேட்பது எப்படி? என்95 மாஸ்க்கும் அதன்மேல் ஃபேஸ் ஷீல்டும் போட்டுக்கொண்டு பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்தான். ஒத்திகையில் உள்ளே ‘பிளட்’ கேட்டார்கள். வெளியே ஒருவர் ‘பிளேடு’ எடுத்துக்கொண்டு நின்றார். அன்றோடு வாக்கிடாக்கியை மட்டும் நம்புவதை விட்டுவிட்டு, வெள்ளைப் பலகையில் எழுதிக் கண்ணாடியில் காட்டச் சொன்னோம்.

கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் தொற்று ஒட்டும். களைப்பில் கை தானாக முகத்துக்குப் போகும். அதனால் கழற்றும்போது பக்கத்தில் ஒருவர் நின்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அமைந்தவர் செந்தூலிலிருந்து வரும் அட்டெண்டன்ட் அக்கா. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றப் போனார். “டாக்டர், நில்லுங்க! மொதல்ல கையைத் தேய்ங்க” என்று அக்கா போட்ட அதட்டலில் அவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனைக்கும் திட்டம் போட்ட முதல் கூட்டத்துக்கு அட்டெண்டன்டுகளை யாரும் கூப்பிடவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். துடைப்பதும் தள்ளுவதும் குப்பை கட்டுவதும் அவர்கள்தானே?

உண்மையான முதல் நோயாளி சிசேரியனுக்கு வந்த பெண். செக்யூரிட்டி வழியைக் காலி செய்ய, லிஃப்டில் நேராகக் கொண்டுவந்தோம். முதுகில் ஊசி போட்டதால் டியூப் தேவைப்படவில்லை. கடைசிவரை மாஸ்க் போட்டபடியே இருந்தார். முடிந்ததும் ரிக்கவரிக்கு அனுப்பாமல் அதே மேசையில் வைத்துக் கவனித்து, நேராக வார்டுக்கு அனுப்பினோம். பிறகு காற்று மாறும்வரை அறையைப் பூட்டிவைத்து, குளோரின் கரைசலால் மேசை, விளக்கு, ஒயர் என்று ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். ஆபரேஷனைவிடத் துடைக்கத்தான் நேரம் கூட ஆனது. அன்று மாலையே அடுத்த கேஸ் கேட்டு போன் வந்தது. “தரை காயட்டும், சொல்றேன்” என்றேன்.