நிறுவனர் கதிரையில் இருக்கட்டும், ஆனால் எழுப்ப ஒரு வழி வேண்டும்

கம்பனியைத் தொடங்கியவரே பங்குச்சந்தைக்கு வந்த பிறகும் பிரதம நிறைவேற்று அதிகாரியாக இருக்கலாமா என்றால், தாராளமாக இருக்கட்டும் என்பேன். அவரை யாராலும் எழுப்ப முடியாதபடி வாக்குகளைப் பூட்டி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பேஸ்புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 மே மாதம் 38 டொலருக்கு விற்ற பங்கு செப்டெம்பரில் 18 டொலருக்கும் கீழே போனது, ஏனென்றால் சனம் கைத்தொலைபேசிக்கு மாறிக்கொண்டிருந்தது, அங்கே கம்பனிக்கு விளம்பர வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சம்பளத்துக்கு வந்த ஒருவர் என்றால் பணிப்பாளர் சபை அப்போதே வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நிறுவனர் சக்கர்பேர்க் நின்றுபிடித்தார், கம்பனியையே கைத்தொலைபேசிப் பக்கம் திருப்பினார், 2013 கடைசிக் காலாண்டில் விளம்பர வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. நிறுவனர் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, அதே மனிதர்தான் 2022இல் மெடாவேர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தைக் கட்டும் பிரிவில் மட்டும் 1,370 கோடி டொலர் நட்டம் காட்டினார். பங்கு விலை அந்த வருடம் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பிறகு செலவைக் குறைத்தார், விலையும் ஏறியது, ஆனால் அது அவராக மனம் வைத்ததால்தான். அவர் பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு, சாதாரணப் பங்குக்கு ஒரே வாக்கு என்று இருக்கும்போது மற்றவர்கள் கூடி என்ன செய்வது?

எங்கள் திருகோணமலையில், சீனன்குடாவில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்துக்குக் கொழும்புச் சந்தையில் இரண்டு வகைப் பங்கு உண்டு, வாக்குள்ளது, வாக்கில்லாதது. வாக்கில்லாதது மலிவு. தெரிந்துதான் வாங்குகிறோம், அதில் ஏமாற்று இல்லை. பத்து வாக்குக் கம்பனியில் உங்களுக்கும் வாக்கு உண்டு, ஆனால் அது ஒன்றையும் அசைக்காது. ஆண்டறிக்கையோடு வரும் பதிலாள் படிவத்தில், அதாவது கூட்டத்துக்குப் போகாமலே வாக்கைத் தெரிவிக்கும் படிவத்தில், பணிப்பாளர் மீள்தெரிவுக்கு நேரே ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு பெட்டி இருக்கும். அப்பா அதை ஆறுதலாக வாசித்து, புள்ளடி போட்டு, கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தோடேயே தபாலில் போடுவார். அந்தப் புள்ளடிக்கு ஒரு பெறுமதி இருக்க வேண்டாமா?

திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2021இல் தான் தொடங்கிய பிரெஷ்வேர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பனியை அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிட்டபோது அவர்தான் பிரதம நிறைவேற்று அதிகாரி. அங்கேயும் பத்து வாக்குப் பங்கு இருந்தது, ஆனாலும் 2024 மே மாதம் பொறுப்பை டென்னிஸ் வுட்சைடிடம் கொடுத்துவிட்டு நிறைவேற்றுத் தலைவரானார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் எல்லாரும் அப்படித் தாமாக எழும்புவார்கள் என்று நம்பிக் காசு போட முடியாது. பட்டியலிடும் நாளிலேயே பத்து வாக்குக்கு ஒரு முடிவுத் திகதி எழுதிவிட வேண்டும், ஏழு வருடம் தாராளம். அதற்குப் பிறகும் அவர்தான் தேவை என்றால் பங்குதாரர்களே அவரைத் தெரிவு செய்துகொள்வார்கள்.