புளியரை மலையும் கொஞ்சம் நீலமும்

செங்கோட்டை தாண்டி, புளியரை வயல் வரப்பில் உட்கார்ந்து மூன்றாவது ஞாயிறாக அதே மலையை வரைகிறேன். முதல் இரண்டும் குப்பை. தூரத்து மலைக்கும் பக்கத்துத் தென்னைக்கும் ஒரே பச்சையை அப்பியிருந்தேன். மலை வரப்புமேல் வந்து நின்றது. "மாமா, இது மலையா வேலியா?" என்றாள் தங்கச்சி மகள்.

இன்று பின்னாலிருந்து ஆரம்பித்தேன். தாளை நனைத்து, கோபால்ட் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து, நிறையத் தண்ணீரோடு கடைசி மலை. மஞ்சு தங்குவதால் அடிவாரம் உச்சியைவிட வெளிறித் தெரிகிறது. கண் பார்த்தாலும் கை நம்ப மாட்டேன் என்கிறது, அடியில் கருப்பைப் பூசத்தான் ஓடுகிறது. நடுமலைக்குக் கொஞ்சம் பச்சை. அது காய்ந்த பிறகே தென்னை, கரும்பச்சையில், கீற்றுக் கீற்றாக.

நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். தூரம் கூடக்கூட மலையில் நீலம் ஏறும், கருமை குறையும். லியனார்டோ டா வின்சி 500 வருஷத்துக்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவைத்த சங்கதிதான்.

அப்புறம் ஆரியங்காவுப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. தென்னை பாதி கரைந்துவிட்டது. சரி, இப்போது அதுவும் தூரத்தில் நிற்கிறது.