வாடகைக்கு விட முடியாத மாடி

உச்சி மாடி ஜன்னலுக்குள் மேகம் நகர்கிறது.

கேமராவை ஜூம் செய்து பார்த்தால் கண்ணாடி இல்லை, பின்னால் அறையும் இல்லை. சுவர், அதில் ஜன்னல் அளவுக்குத் திறப்புகள், அப்புறம் நேராக வானம்.

லாட்வியாவின் தலைநகர் ரீகா, ஆல்பெர்ட்டா தெரு, எண் 2ஏ. 1906இல் முடிந்த கட்டடம். வாசலில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் சிலைகள் வேறு. இன்னும் உயரமாகத் தெரியட்டும் என்று கூரையைத் தாண்டியும் முகப்பை மட்டும் எழுப்பிவிட்டார் கட்டடக் கலைஞர் மிகயீல் ஐசன்ஸ்டைன். திரைப்பட மேதை செர்கெய் ஐசன்ஸ்டைனின் அப்பா. மகனுக்கு இந்த ஆடம்பரமெல்லாம் துளியும் பிடிக்காது.

அப்போது ரீகா ரஷ்யப் பேரரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மர ஏற்றுமதியில் காசு கொட்டிய காலம். இல்லையென்றால் ஒரு பைசா வாடகை வராத மாடிக்கு யார் செங்கல் அடுக்குவார்கள்?

தெரு குறுகல். எவ்வளவு பின்னால் போனாலும் முழுக் கட்டடமும் ஃபிரேமுக்குள் அடங்கவில்லை. கழுத்து வலிதான் மிச்சம்.

எனக்கு என்னவோ இதே தெருவில் எண் 11தான் பிடித்தது. எய்ஜென்ஸ் லௌபே 1908இல் கட்டியது. செங்குத்தான கூரை, அடக்கமான சுவர். மகன் ஐசன்ஸ்டைன் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெமரி கார்டு நிறைய அப்பாதான்!