திரும்பி வந்ததும் 1938ஆம் ஆண்டு ரூபாய் நாணயம்தான், ஆனால் நான் அனுப்பியது அல்ல

பழைய நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் இணையத்தில் விற்கும் சிறு வணிகருக்கு, விற்பதைவிட விற்றதைத் திரும்பப் பெறுவதே சிரமமான வேலை. சட்டை திரும்பி வந்தால் மடித்து மீண்டும் அடுக்கில் வைத்துவிடலாம். அதே அளவில், அதே நிறத்தில் இன்னும் பல சட்டைகள் இருக்கும். நாணயம் அப்படிப்பட்டதன்று. ஒரே ஆண்டில், ஒரே அச்சுச்சாலையில் அடிக்கப்பட்ட இரண்டு ரூபாய்களில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று சில ஆயிரம் ரூபாய்க்கும் போகும். விற்பனைத் தளங்களின் ரிட்டர்ன் முறையோ சட்டைக்காக வகுக்கப்பட்டது. சேலத்தில் வீட்டிலிருந்தபடியே இந்த வணிகத்தைச் செய்யும் நான், சிக்கலான ஒரு ரிட்டர்னை எப்படிக் கடந்தேன் என்பதை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எண்ணிப் பதிவு செய்கிறேன்.

முதலில் நான் எவற்றை விற்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது. அவற்றை வணிகமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே என் கடையில் இருப்பவை பெரும்பாலும் ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகளும் விடுதலைக்குப் பிந்தைய வெளியீடுகளுமே. வெளிநாட்டு ஆர்டர்களை நான் ஏற்பதே இல்லை. கடல் கடந்து வரும் ரிட்டர்ன் என்ற தலைவலி அந்த அளவில் எனக்குக் கிடையாது.

சிக்கலுக்குள்ளானது 1938ஆம் ஆண்டின் வெள்ளி ஒரு ரூபாய். அந்த வகை ரூபாயின் நிர்ணய எடை 11.66 கிராம்; ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டதால், அதற்கு முந்தைய ரூபாய்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு. நான் விற்ற காசு புழக்கத்தில் அதிகம் படாதது. மன்னரின் மகுடத்தில் உள்ள நுண்வேலைப்பாடு கலையாமல் இருந்தது. பின்பக்கத்தில் ஆண்டு எண்ணுக்கு வலப்புறம், விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் நீலமும் பழுப்பும் கலந்த படிவு ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் காகித உறைக்குள் இருந்த வெள்ளியில் இயல்பாக ஏற்படும் நிறம் அது. விலையில் பாதி அந்தப் பிறைக்குத்தான் என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் மறுக்க மாட்டார்கள்.

வாங்கியவர் வேறு மாநிலத்தவர். பொருள் அவர் கைக்குச் சேர்ந்த சில நாள்களில் ரிட்டர்ன் கோரிக்கை வந்தது. தளம் தரும் காரணப் பட்டியலில் அவர் தேர்ந்தெடுத்திருந்தது 'பொருள் போலியானது' என்பதை. இந்தக் காரணம் வந்துவிட்டால் விற்பனையாளருக்கு மறுக்க இடமில்லை. மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையும், போலியான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். போலி நாணயம் மலிந்து கிடக்கும் சந்தையில், சந்தேகம் வந்தால் திருப்பித் தரலாம் என்ற உறுதி இல்லாவிட்டால் முகம் தெரியாத ஒருவரிடம் யார்தான் பணம் கட்டுவார்கள்? எனவே எதிர்வாதம் ஏதும் செய்யாமல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டு, விற்பனைப் பக்கத்தில் இருந்த எடைப் படங்களை மட்டும் அவருக்கு மீண்டும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

அந்த எடைப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு எந்த நாணய வணிகரிடமும் இருக்கும். அதன்மேல் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையை வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்துவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய நாணயத்தை அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க நீரில் தொங்கவிட்டால், அது விலக்கும் நீரின் எடை தராசில் தெரியும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது உலோகத்தின் அடர்த்தி. என் நாணயம் 11.64 கிராம், நீரில் காட்டியது 1.13, ஆக 10.3. தொண்ணூற்றிரண்டு விழுக்காட்டை ஒட்டிய வெள்ளிக்குச் செம்புக் கலப்போடு வர வேண்டிய அடர்த்தியும் அதுதான். போலி செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஜெர்மன் சில்வர், அதாவது வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, எட்டரைக்குச் சற்று மேலே நின்றுவிடும். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து வெள்ளி என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்: ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது.

பார்சல் திரும்பி வந்தபோது, அதைக் கொண்டுவந்த ஊழியரின் முன்னிலையிலேயே வீடியோவைத் தொடங்கினேன். முகவரிச் சீட்டு, பார்சலின் ஆறு பக்கங்கள், பிரிக்காத நிலையில் மொத்த எடை, பிறகு பிரித்தல், பிறகு நாணயம் தராசில் அமர்வது வரை ஒரே காட்சியாக, எங்கும் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். இடையில் ஒரு நொடி திரை கறுத்தால்கூட, அந்த நொடியில் பொருளை மாற்றியிருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். தராசு காட்டியது 11.41 கிராம். நாணயம் 1938 ரூபாய்தான், வெள்ளியும் அசல்தான். நீரில் தொங்கவிட்டபோது அடர்த்தி ஏறத்தாழ அதே 10.3 வந்தது. ஆனால் மகுடம் மழுங்கியிருந்தது. பின்பக்கத்தில் பிறை இல்லை. நான் அனுப்பாத ஒரு நசுங்கல் விளிம்பில் இருந்தது. அட்டை உறை மட்டும் என்னுடையது. அதன் ஸ்டேப்ளர் பின்கள் பிடுங்கப்பட்டு, பழைய துளைகளுக்குப் பக்கத்தில் புதிய துளைகளோடு மீண்டும் அடிக்கப்பட்டிருந்தன.

போலி நாணயத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். அசலுக்குப் பதில் தேய்ந்த அசலை வைத்ததுதான் சாமர்த்தியம். தளத்தின் விற்பனையாளர் உதவிப் பிரிவில் இழப்பீடு கோரி, எல்லாப் படங்களையும் வீடியோவையும் இணைத்து அனுப்பினேன். வந்த பதிலின் சாரம் இதுதான்: நீங்கள் அனுப்பியது 1938 ஒரு ரூபாய், திரும்பி வந்திருப்பதும் 1938 ஒரு ரூபாய், எனவே பொருள் மாறியதாகக் கொள்ள முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாள் முழுதும் செல்பேசி உறைகளையும் செருப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவருக்கு, மகுடத்தின் மழுங்கல் கண்ணில் படாதது இயல்பே.

ஆகவே மேல்முறையீட்டில் உத்தியை மாற்றினேன். படங்களைக் குவிப்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு பக்கம் தயாரித்தேன். இடப்பக்கம் அனுப்பிய நாணயம், வலப்பக்கம் திரும்பி வந்த நாணயம். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே கோணம். சிவப்பு வட்டங்கள் மூன்று: பிறைப் படிவு, மகுடம், விளிம்பு நசுங்கல். கீழே இரண்டு எடைகள். நாணயவியல் சொற்கள் எதையும் பயன்படுத்தாமல், எவருக்கும் புரியும்படி இரண்டு செய்திகளை மட்டும் எழுதினேன். ஒன்று, வெள்ளி ரூபாய் கால் கிராம் அளவுக்குத் தேய்வதற்குப் பல ஆண்டுப் புழக்கம் வேண்டும். ஒரு வாரத்தில் அது நடக்காது. இரண்டு, போலி என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட நாணயமே அசல் வெள்ளி என்பதால், சொன்ன காரணமும் பொருந்தவில்லை. இம்முறை கோரிக்கை ஏற்கப்பட்டது. தளத்தின் தரகும் அனுப்புச் செலவும் போக விலை என் கணக்குக்கு வந்தது. நாணயம் வரவில்லை, அது வராது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

எல்லா ரிட்டர்னும் இப்படிப்பட்டதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். என்னிடம் திரும்பி வருபவற்றில் பெரும்பாலானவை நேர்மையானவை. பாதிக்கு மேல் நிற வேறுபாட்டால் வருபவை. எல்இடி வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பளிச்சென்று இருக்கும் வெள்ளி, வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாம்பல் பூத்துத் தெரியும். இதற்காகவே இப்போது ஒவ்வொரு காசையும் காலை வெயிலின் நிழலில் ஒரு படமும் விளக்கொளியில் ஒரு படமும் எடுத்து இரண்டையும் போடுகிறேன். அஞ்சல்தலைகளில் முன்பக்கத்தைவிடப் பசை உள்ள பின்பக்கமே தகராறுக்குக் காரணமாகிறது. பின்பக்கப் படம் இல்லாமல் 1948 காந்தி தலைகளை விற்பவர்கள் ரிட்டர்னை வலிந்து அழைக்கிறார்கள் என்றே சொல்வேன்.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்திக்காக வாங்கிய அரை ரூபாயைத் திருப்பி அனுப்ப விரும்பினார். காரணம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, வெள்ளின்னா வெள்ளையாத்தானே இருக்கணும்? கறுத்துக் கிடந்துச்சு. விபூதி போட்டுத் துலக்கினேன், அப்பவும் கறை முழுசாப் போகல. அதான் வேண்டாம்னு பார்க்கிறேன்."

குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் துலக்கிப் பழகிய கை அவருடையது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் துலக்கிய நாணயத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் நுண்கீறல்கள் தெரியும். சேகரிப்பாளரிடம் அதன் விலை வெள்ளியின் விலையளவுக்கு இறங்கிவிடும். "ஐயா, முழுப் பணத்தையும் திருப்பித் தர எனக்கு வழியில்லை. நீங்களே வைத்துக்கொண்டால் விலையில் ஒரு பகுதியைத் தருகிறேன், அல்லது அனுப்பிவிட்டால் வெள்ளி விலையைத் தருகிறேன்" என்றேன். அவர் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் துலக்க வேண்டாம், கழுவ வேண்டாம், விளிம்பைப் பிடித்தே எடுங்கள் என்று தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு போகிறது.

ஸ்டேப்ளர் பின் தந்த பாடத்தால் அட்டை உறையின் மடிப்பில் இப்போது வரிசை எண்ணிட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். உரித்தால் கிழியும் வகை அது. ஸ்டிக்கர் கிழியாத நிலையில் எந்தக் காரணத்துக்கும் திரும்பப் பெறுவேன் என்றும், கிழிந்திருந்தால் போலி அல்லது விவரப் பிழை என்ற காரணங்களுக்கு மட்டும் பெறுவேன் என்றும் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பின்னதை எழுதாமல் விட முடியாது. ஸ்டிக்கரைக் காட்டி, விதி தரும் உரிமையை வாங்குபவரிடமிருந்து பறிக்க முடியாதல்லவா. விலை கூடிய காசுகளைத் தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்பி, சான்றிதழ் எண்ணோடு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கி விற்பது இன்னும் பாதுகாப்பானது. 1938இன் எட்டை ஒன்பதாக மாற்றி அரிய 1939 என்று விற்கும் மோசடி பரவலாக இருப்பதால், 1939 ரூபாயை அந்தப் பெட்டி இல்லாமல் நான் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை.

கடைசியாகக் கணக்கு. பொருள் திரும்பி வந்ததும் ஜிஎஸ்டி பதிவுள்ள விற்பனையாளர் கிரெடிட் நோட், அதாவது விற்பனைத் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம், போட வேண்டும். விற்பனைத் தொகையிலிருந்து தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் என்ற வரியும் ரிட்டர்ன்களைக் கழித்த நிகர விற்பனை மீதுதான் கணக்கிடப்படுகிறது. நாணயம் மாறி வந்த என் விஷயத்தில், வாங்கியவருக்குப் பணம் திரும்பியதற்கு ஒரு கிரெடிட் நோட், தளம் கொடுத்த இழப்பீட்டுக்குத் தனிப் பதிவு என இரண்டாகப் பிரித்து எழுதும்படி கணக்காளர் சொன்னார். இரண்டையும் ஒன்றாக்கி விற்பனை ரத்தாகவே இல்லை என்பதுபோல் காட்டினால், தளத்தின் மாத அறிக்கையோடு என் கணக்கு ஒத்துப்போகாது. வந்து சேர்ந்த தேய்ந்த ரூபாயை இருப்புப் பதிவேட்டில் ஏற்றவில்லை. இழப்பீட்டுக் கடிதத்தின் நகலோடு தனி உறையில் வைத்திருக்கிறேன்.